வேற்றிட வேர்

"உன் வேர் எது?" என்று கேட்பவன் பெரும்பாலும் மண் வைத்திருப்பவன். மண் இல்லாதவனிடம்தான் அது கேட்கப்படுகிறது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?" என்கிறார்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் "வேர்களைத் தேட வேண்டும்" என்கிறார்கள். அரசியல் மேடையில் மண்ணின் மைந்தன் யார், வந்தேறி யார் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். இடம் மூன்றானாலும் கேள்வி ஒன்றுதான். வேர் முன்பே இருந்திருக்க வேண்டும், பரம்பரையாக வந்திருக்க வேண்டும், மண்ணுக்குள் இருக்க வேண்டும். இல்லாதவனுக்கு நிற்க உரிமை கிடையாது. இந்த எண்ணம் சரிதானா? பெரிய நூல்களிலிருந்து தொடங்காமல், மீஞ்சூரில் வாடகை வீட்டுச் சன்னல்களில் தண்ணீர் பாட்டிலில் நிற்கும் செடித் துண்டிலிருந்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

மீஞ்சூரில் வாடகைக்கு இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக வந்தவர்கள். அனல்மின் நிலையம், துறைமுகம், கண்டெய்னர் யார்டு, லாரி ஷெட். பொன்னேரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. வீட்டுக்குத் தரை உண்டு, நிலம் கிடையாது. எங்கள் ஓனரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மண்ணு தொட்டியெல்லாம் மாடில வெக்காதீங்க. தளம் ஊறிடும். அப்புறம் யாரு பாக்கறது?" அதனால் செடி ஆசை உள்ளவர்கள் பாட்டிலுக்குப் போகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், குவார்ட்டர் பாட்டில். அதில் மணி பிளான்ட், கற்பூரவல்லி, சந்தையில் கட்டாக வாங்கிய பொன்னாங்கண்ணியில் மிஞ்சிய தண்டு, புதினாத் தண்டு.

முறை எளிது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, அழுகும். நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். மூன்று நாள் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். தேங்கிய நீரில் காற்று குறைந்துவிடும், வேருக்கும் மூச்சு உண்டு. கண்ணாடியில் பாசி பிடித்தால் காகிதம் சுற்றலாம். பழுப்பு நிற பாட்டில் என்றால் அதுவும் வேண்டாம். கற்பூரவல்லியும் புதினாவும் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை நூல் போல வேர் விடும். மணி பிளான்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். கணு இல்லாமல் வெறும் இடைத்தண்டை வெட்டிப் போட்டால் மாதக் கணக்கில் பச்சையாகவே இருக்கலாம். வேர் வராது.

இதில் எளிதாக இல்லாதது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

மீஞ்சூரின் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இது இயற்கையின் சாபம் இல்லை, இதற்கு வரலாறு உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டுச் சென்னை நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயக் கிணறுகளும் சேர்ந்து இறைத்தன. நிலத்தடி நன்னீரின் அழுத்தம் குறைந்ததும் கடல் உள்ளே வந்தது, பல கிலோமீட்டர் தூரம். 2010இல் மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர் பெயரைத் தாங்கிய அந்தத் தண்ணீர் குழாய் வழியே சென்னை நகரத்துக்குப் போகிறது. முதலில் நன்னீரை எடுத்தார்கள். அந்த இடத்தில் உப்பு வந்தது. பிறகு உப்பை நன்னீராக்கி அதையும் எடுக்கிறார்கள்.

உப்புத் தண்ணீரில் போட்ட துண்டுக்கு என்ன ஆகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். செடிக்குள் நீர் ஏறாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகம். இலை ஓரம் கருகும், அடி கறுத்து அழுகும். ஆகவே காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரில்தான் வேர் பிடிக்க வைக்கிறோம், அல்லது மழை பெய்யும்போது பிடித்து வைக்கிறோம். "குடிக்கிற தண்ணிய செடிக்கு ஊத்துறியே, இது என்ன காய்க்கவா போவுது?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. கூலிக்காரன் வீட்டில் ஒவ்வொரு பொருளும் தன் பயனைச் சொல்லியாக வேண்டும். ஆனால், பயனில்லாத ஒன்றை வைத்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்ததுதான் சுயமரியாதை. காய்க்காத செடியைப் பார்த்துக்கொண்டு நிற்க எவனுக்கு நேரமும் தண்ணீரும் இருக்கிறதோ அவனையே இந்தச் சமூகம் முழு மனிதன் என்கிறது. அந்த ஒரு தம்ளர் தண்ணீர் வீண் செலவு இல்லை என்று நான் நினைக்கிறேன். இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப ஒன் பங்குல ஊத்து" என்றார். அதுவும் நியாயம்தான்.

தண்ணீர் என்றாலே எமக்கு அது வெறும் தண்ணீராக இருந்ததில்லை. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கிக் குடித்தபோது தாகம் தீர்ப்பது நோக்கமில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், எம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதும் சேதி சொல்வதற்காகத்தான். இரண்டுக்கும் இடையே 95 ஆண்டுகள். எவன் வேர்விடலாம் என்பதை மண் மட்டும் தீர்மானிக்கவில்லை. தண்ணீரைக் கையில் வைத்திருப்பவனும் தீர்மானிக்கிறான்.

இன்னொரு சங்கதி. மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டு வாங்கினால் வராதாம், காசு கொடுத்து வாங்கினால் செல்வம் தங்காதாம். உட்கார்ந்து சிரித்துப் பேச நன்றாக இருக்கிறது. ஆனால் யார் திருடலாம்? என் பெரியம்மா திருவொற்றியூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அந்த வீட்டம்மா கொடி நீண்டுவிட்டதென்று வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருந்ததில் ஒரு சாண் எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார். வாசலில் நிறுத்தி விசாரணை நடந்தது.

"குப்பையில போடத்தானம்மா வெட்டினீங்க?"

"அதுக்கு? கேட்டுட்டு எடுக்கணுமில்ல?"

"கேட்டா வளராதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க!"

அடுத்த மாதம் வேலை இல்லை. அதே வீட்டம்மா பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்ததுதான் அந்தக் கொடி. அவர் ஒடித்தால் வழக்கம், பெரியம்மா எடுத்தால் களவு. செயல் ஒன்றுதான், செய்த கை வேறு. திருட்டை விளையாட்டாக ஆடிப் பார்க்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பிறப்பு தேவைப்படுகிறது. ஒழுக்கம் என்று நாம் படிக்கும் நூல்களெல்லாம் செயலைப் பற்றிப் பேசுகின்றன. இந்த நாட்டில் நீதி வழங்கப்படுவது செயலுக்கு இல்லை, கைக்கு.

இனி அந்த வேருக்கு வருவோம்.

விதை முளைக்கும்போது முதலில் கீழே இறங்குவது முளைவேர். அது தடித்து ஆணிவேராகிறது. இதுவே மூல வேர், பிறப்பு வேர். தண்டிலிருந்தோ இலையிலிருந்தோ, முளைவேர் அல்லாத எந்த இடத்திலிருந்து வந்தாலும் அந்த வேருக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்த பெயர் வேற்றிட வேர். ஆங்கிலத் தாவரவியலில் அதற்கு வழங்கும் பெயரின் லத்தீன் மூலத்துக்கு 'வெளியிலிருந்து வந்து சேர்ந்தது' என்று பொருள். நம்மூர் மேடைத் தமிழில் சொன்னால், வந்தேறி. பாட்டிலில் விடுவது வந்தேறி வேர்.

வந்தேறி வேர் மட்டமானது என்றால் இந்த ஊர் எதைச் சாப்பிடுகிறது? நெல்லின் முளைவேர் கொஞ்ச நாள்தான் இருக்கும். பிறகு பயிரைத் தாங்குவது அடித்தண்டின் கணுக்களிலிருந்து கிளம்பும் சல்லிவேர், அதாவது வேற்றிட வேர். போதாததற்கு, நாற்றங்காலில் பிடித்த வேரைப் பிடுங்கி, சேற்றைத் தட்டி, கட்டுக் கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் நடுகிறோம். பிடுங்கி நட்ட கைகள் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரும்பும் கரணையிலிருந்து வருவதுதான். பஞ்சாயத்து கூடுகிற ஆலமரத்தைத் தாங்கும் விழுதுகள்கூடக் கிளையிலிருந்து இறங்கியவைதான். வந்தேறி வேர்களின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, வந்தேறி வேர் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டு, "நீ இந்த மண்ணா?" என்று கேட்கிறார்கள்.

ஆயாவுக்கு இந்தத் தாவரவியல் எதுவும் தெரியாது. வேலியோரம் முருங்கையையும் கிளுவையையும் ஒடித்து நடுவார். அதன் பெயர் போத்து. "ஒடிச்ச எடத்துலதாண்டா வேரு வரும்" என்பார். தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. கொழுந்திலும் இளம் இலையிலும் சுரக்கும் ஆக்சின் என்ற இயக்குநீர் தண்டு வழியே கீழே இறங்குகிறது. வெட்டியதும் இறங்க வழியில்லாமல் வெட்டுவாயில் சேர்கிறது. அங்குள்ள திசு தன் பழைய வேலையை விட்டு வேராக மாறத் தொடங்குகிறது. 1930களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதாவது வேர், செடி தன் பழைய இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பொருள் இல்லை. வெட்டுப்பட்ட பிறகு, வெட்டுப்பட்ட இடத்தில், புதிதாகச் செய்துகொண்டது. வெட்டுதான் வேரைக் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் வெட்டியவனுக்கு நன்றி சொல்ல வேண்டிவரும். வேரைக் கொடுத்தது துண்டுக்குள் இருந்த உயிர். அதற்குத் தேவைப்பட்டது கணுவும் நல்ல தண்ணீரும்.

மணி பிளான்டின் கதை இன்னும் விசித்திரம். பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவு அதன் பூர்வீகம். அங்கிருந்து உலகம் முழுக்கப் போய்விட்டது, விதையாக இல்லாமல் துண்டு துண்டாக. அது பூப்பதே அபூர்வம். பூவுக்குத் தேவையான ஜிப்ரலின் என்ற இயக்குநீரை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. மீஞ்சூர்ச் சன்னலிலும் துபாய் விமான நிலையத்திலும் நிற்பது விதையிலிருந்து பிறந்த செடி இல்லை, வெட்டப்பட்ட துண்டு. இந்தச் செடிக்கு யாரும் சாதிச் சான்றிதழ் கேட்டதில்லை, பூர்வீகம் கேட்டதில்லை.

இந்த இடத்தில் உவமைக்கு ஒரு கடிவாளம் போட வேண்டும். துண்டிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு நகல். கலப்பே இல்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று நிறுவினார். கலப்பைத் தடுத்துத் தன்னையே நகலெடுத்துக்கொள்வதுதான் சாதி. அந்தக் கணக்கில் சாதிதான் பதியன் போடுகிறது, விதைதான் சாதியை மறுக்கிறது. ஆகவே துண்டுச் செடியைத் தலித் விடுதலையின் சின்னமாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. வேர் என்பது எப்போதும் பிறப்பிலிருந்தே வரவேண்டும் என்ற பொய்யை உடைக்க அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

இந்தப் பொய் எம்மவர்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. எழுதுவதற்குச் சங்கடமானது என்றாலும் எழுதத்தான் வேண்டும். பறையன், பஞ்சமன் என்ற பெயர்களை ஒதுக்கி, எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. அயோத்திதாசர் எம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். "நீ கடைசி" என்று சொன்னவனுக்கு "நான் முதல்" என்று சொன்ன பதில் அது. அவமானத்துக்கு நடுவே தலைநிமிர அந்தச் சொல் கொடுத்த வலுவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதலில் வந்தவன் என்பதால்தான் உரிமை என்று நிறுத்திக்கொண்டால், பின்னால் வந்தவனை என்ன செய்வோம்?

அருந்ததியர்களை என்ன செய்தோம்? 2009இல் அவர்களுக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, அதை எதிர்த்த சிலருடைய வாயில் வந்த சொல் 'வந்தேறி'. வீட்டில் தெலுங்கு பேசுகிறார்களாம், அதனால் இந்த மண்ணில் பங்கில்லையாம். மலத்தையும் சாக்கடையையும் அள்ளும்போது மட்டும் அவர்கள் இந்த மண்ணுக்குப் போதுமானவர்கள். பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு சட்டத்தைத் தீர்க்கும்; எம் வாயிலிருக்கும் அந்தச் சொல்லை யார் தீர்ப்பது? இலங்கையில் மலையகத் தமிழரை இதே சொல்லால்தான் அடித்தார்கள். தலைமுறைகளாகத் தேயிலையும் காப்பியும் நட்டவர்களின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களில் பலர் எம்மைப் போன்றவர்கள். வேருக்குச் சான்று கேட்கும் அரசியல் எங்கே போய் நிற்கும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

மறுபக்கம் ஒரு பொய் இருக்கிறது. அதையும் மறுக்க வேண்டும். "வேரே வேண்டாம், மண்ணே வேண்டாம், பாட்டிலிலேயே வாழலாம்" என்பது அது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் 1943இல் லண்டனில் இருந்தபோது, வேரூன்றுதல் மனித ஆன்மாவின் முக்கியமான தேவை என்று எழுதினார். ஆலையில் கூலியாக வேலை செய்து பார்த்தவர் அவர். சொந்த நாட்டிலேயே தொழிலாளி வேரற்று நிற்பதைக் கண்டவர். அவர் சொன்ன தேவை உண்மை. அந்தத் தேவையைக் கிராமம் தீர்த்துவைக்கும் என்று இங்கே சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்துகிடக்கும் குழி என்ற பொருளில் பேசினார். அவர் மறுத்தது மண்ணை இல்லை. மண்ணின் பெயரால் மனிதனைக் கட்டிப்போடுவதை.

பாட்டிலில் செடி உயிரோடிருக்கும், சில ஆண்டுகள்கூட. ஆனால் தடிக்காது. வெறும் தண்ணீரில் சத்து கொஞ்சம். இலை சிறுத்துக்கொண்டே போகும். யாரோ ஒருவர் தண்ணீர் மாற்ற மறந்தால் முடிந்தது. பிறர் தயவில் நிற்கும் வாழ்க்கை அது. வாடகை வீட்டைப் போல, ஒப்பந்தக் கூலியைப் போல.

அதை மண்ணுக்கு மாற்றும்போது இன்னொன்று நடக்கிறது. தண்ணீரில் வந்த வேர் தண்ணீருக்குப் பழகியது. மென்மையானது, வேர்த்தூவி குறைவு. மண்ணில் வைத்ததும் செடி துவளும். விவரம் தெரிந்தவர்கள் வேர் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்ததுமே மாற்றி, முதல் இரண்டு வாரம் மண்ணை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அதற்குள் மண்ணுக்கேற்ற புது வேர் வந்துவிடும். விவரம் தெரியாதவன் மூன்றாம் நாள் "இது தேறாது" என்று பிடுங்கிப் போடுவான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் போன எம் பிள்ளைகளின் முதல் இரண்டு பருவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். துவண்டதைத் தகுதியின்மை என்று எழுதிவைத்த பேராசிரியர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தின் பெயர்தான் உதவித்தொகை, விடுதி, இடஒதுக்கீடு. அது சலுகை இல்லை, இடம் மாற்றி நடுபவனின் கடமை.

ஆகவே மண் வேண்டும். மீஞ்சூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரித் தாலுகாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்கீர் 1891இல் எழுதிய அறிக்கையில், மிராசுதாரர்களின் பிடியில் எம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதை விரிவாகச் சொன்னார். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடலாம். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் எம்மவர்களுக்குள்தான் கைமாறலாம். இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு சுமார் 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

அந்த நிலத்தை நாம் எந்த நியாயத்தில் கேட்கிறோம் என்பதில்தான் என் கருத்து. நாங்கள் ஆதி, நாங்கள் முதல், இது எங்கள் பாட்டன் மண் என்று கேட்டால், பாட்டனை நிரூபிக்க முடியாத அருந்ததியர் வெளியே நிற்பார். தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர் வெளியே நிற்பார். நாளை நாமே நிற்போம். நட்டோம், அறுத்தோம், பிடுங்கி எறியப்பட்டோம், உயிரோடிருக்கிறோம், உயிருள்ளது வேர்விட இடம் வேண்டும் என்று கேட்டால் யாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை. ஒருவனுடைய பூர்வீகத்தைக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குக் குடிக்கிற தண்ணீர் வருகிறதா என்று கேட்பதே ஒழுக்கம். பூர்வீகம் அவனுடைய சொந்தச் சங்கதி. தண்ணீரும் மண்ணும் நாம் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன்.